இருபத்தாறரைப் பேர்

எங்கள் கடைவீதியில் ஒரு மனிதனை முழு மனிதன் என்று ஒத்துக்கொள்கிற அதிகாரம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. தோட்டத்துத் துரைக்கு அது இல்லை. கோயில் தர்மகர்த்தாவுக்கும் இல்லை. எங்கள் போஸ்ட் மாஸ்டரைக் கேட்டால் தனக்கு உண்டு என்பார், ஆனால் அவருக்கும் இல்லை. அது அரைப்பேர் அக்காவிடம் இருந்தது. அவர் உங்களுக்கு முழுப்பேர் என்று சொல்லிவிட்டால் அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கலாம். அரைப்பேர் என்றுவிட்டால் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போவதுதான் மரியாதை.

தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்கு உங்களுக்குப் பேர் விழும். கூடை கொஞ்சம் இளைத்திருந்தால் கங்காணி அரைப்பேர் போடுவார். காலையிலிருந்து மழையில் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, மலை ஏறி இறங்கியவள் சாயங்காலம் பாதி ஆளாக, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்குத் திரும்புவாள். அக்கா இருபது வருடம் கொழுந்து எடுத்தவர். கை வேகம் போதாதென்றோ, வாய் வேகம் அதிகமென்றோ, அவருக்கு விழுந்ததெல்லாம் பெரும்பாலும் அரைப்பேர்தான். மீதிப் பாதிகளை எங்கள் ஊர்க்காரர்களிடம் வசூலித்துக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இது ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், டயகம போகும் பாதையில் ஒரு சின்னக் கடைவீதி. அங்கிருந்த தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை எனக்கு. உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து வந்த இருபத்துநாலு வயதுப் பிரம்மச்சாரி. தலையில் எண்ணெய் அதிகம், உள்ளே சரக்கு குறைவு.

ஊருக்கு மேலேயிருந்த ஒரு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். ஒரு துண்டை வாங்கியவருக்குத் தேயிலை வேண்டியிருந்தது, ஆட்கள் வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்த ஆறு குடும்பத்துக்கும் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார். 'இனி உனக்கு இங்கே வேலை இல்லை' என்பதுதான் பத்துச்சீட்டு. வேலை போனால் லயமும் போய்விடும். ஆடி மாதத்து மழையில், சட்டி பானை, அம்மிக்கல், இரண்டு கோழி, பதினொரு பிள்ளைகளோடு அவர்கள் கடைவீதிக்கு இறங்கிவந்து காதர் நானாவின் பலசரக்குக் கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள். நாங்கள் எல்லோரும் "ஐயோ பாவம்" என்றோம். அதைச் சொன்னதோடு கடமை முடிந்தது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

அந்தக் கூட்டத்தில் எந்தக் குடும்பத்திலும் சேராத ஒற்றை ஆள் அக்கா. மெலிந்த தேகம், நெற்றி நிறையப் பொட்டு. இடுப்பில் கொழுந்துக்காரிகள் கட்டுகிற படங்குச் சாக்கு. கையில் ஒரு மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கும்போது செடிமேல் படுக்கவைத்து மட்டம் பார்ப்பார்களே, அந்த நீளக் கம்பு. தேயிலையே கையை விட்டுப் போன பிறகும் அக்கா அதை விடவில்லை.

அவர் நேராக நானாவின் முன்னால் போய் நின்றார்.

"நானா, ஒங்க உருளைக்கெழங்கு ஸ்டோருல எலி இருக்குங்களா?"

"இருக்கு புள்ள. ஏன் கேக்குறீங்க?"

"எலி இருக்கலாம்னா மனுசங்களும் இருக்கலாங்களே."

நானா சாவியை எடுத்தார். "ரெண்டு நாளைக்குத்தான். மூணாம் நாள் கெழங்கு லொறி வந்துரும்" என்றார். அந்த இரண்டு நாள் நான்கு வருடம் ஆனது. கடைசிக் குடும்பத்துக்கு வேறொரு தோட்டத்தில் வேலையும் லயமும் கிடைக்கும்வரை கிழங்கு லொறி அந்தப் பக்கம் வரவேயில்லை. நானா யாருக்கும் சொல்லாமல் கிழங்கைத் தன் வீட்டு முன்னறையில் இறக்கிக்கொண்டிருந்தார் என்று அவருடைய மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மறுநாளே அக்கா அந்த ஸ்டோருக்குள் ஒரு தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். காலை ஆறு மணிக்கு மண்ணெண்ணெய்த் தகரத்தில் தட்டுவார். அதுதான் பெரட்டு. தோட்டத்தில் வேலைக்கு முன்னால் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு அப்படித்தான் பெயர். இங்கே வேலை இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, "வேல இல்லாட்டி என்னா, பெரட்டு இல்லாம எப்பிடி விடியும்?" என்றாராம். பெரியவர்களுக்கு விறகு, தண்ணீர், கூட்டிப் பெருக்குதல் என்று ஆளுக்கொரு வேலை. பிள்ளைகளுக்கு முகம் கழுவியிருந்தால் அரைப்பேர், தலையும் சீவியிருந்தால் முழுப்பேர். மாரியாயி என்று ஒருத்தி, புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவளுடைய நடுப்பிள்ளை செல்லத்துக்கு ஐந்து வயது, சட்டம் பேசுகிற வாய்.

"அக்கா, நான் மொகம் கழுவிட்டேன், பாதித் தலையும் சீவிட்டேன். முக்காப்பேரு போடுங்க."

"முக்காப்பேரு தொரைக்கே கெடையாது. போயி மத்தப் பக்கத்தையும் சீவிட்டு வா."

இதெல்லாம் ஸ்டோருக்குள் நடந்தவரை எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு வாரத்தில் அக்கா வீதிக்கு வந்தார்.

அவர் பிச்சை கேட்டதில்லை. உதவி என்றுகூடக் கேட்டதில்லை. காலையில் மட்டக்கம்போடு கடை கடையாக வந்து, "என்னா குடுக்குறீங்கன்னு பாத்துட்டுப் போக வந்தேன்" என்பார். கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு வீதி முழுக்கக் கேட்கிற குரலில் தீர்ப்பு. முதலில் மாட்டியவர் பாண் ரொட்டி சுடுகிற பேக்கரிக்காரர் பியதாச. சிங்களவர். தமிழில் பாதியும் சிரிப்பில் பாதியுமாகப் பேசுவார்.

"மொதலாளி, இந்தப் பாண் நேத்துப் போட்டதுங்களா?"

"நேத்து இல்லே அக்கா. முந்தாநாள்."

"உண்மையச் சொன்னதுக்கு அரைப்பேரு. பாணுக்கு ஒண்ணும் இல்ல."

பியதாச அன்று முழுவதும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து யோசித்தார். மறுநாள் சூடு ஆறாத பாண் பத்து றாத்தலோடு தானே வீதிக்கு வந்து காத்திருந்தார். முழுப்பேர் என்று கேட்டதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆண்பிள்ளை பிறந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று அவரே சொன்னார். காதர் நானா வீட்டிலோ, பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மனைவி கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கி ஒங்களுக்கு என்னா பேர்?" என்பதாம். அரைப்பேர் என்றால் கறியில் மீன் இருக்காது.

என் கதை இன்னும் கேவலம். ஒரு பழைய சட்டையைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால், பொத்தான் நல்ல பொத்தானாயிற்றே என்று ஆறையும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். அக்கா சட்டையை உதறிப் பிடித்துத் தபால் கந்தோர் வாசலில், முத்திரை வாங்க வந்த இருபது பேருக்கு நடுவில், ஓட்டை ஓட்டையாக விரல் விட்டுப் பார்த்தார்.

"தபாலு, பொத்தான் எங்கங்க?"

"விழுந்துருச்சுங்க அக்கா."

"ஆறும் ஒரே நாளையில விழுந்துச்சுங்களா? சரி, போங்க. அரைப்பேரு."

இது இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த மாதம் தலவாக்கலையிலிருந்து எனக்குப் பெண் கொடுக்க நினைத்த ஒரு மனிதர் வந்து, தேத்தண்ணிக் கடையில் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். "நல்ல பையன்தாங்க. கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல. ஆனா அரைப்பேரு" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதர் தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். எனக்கு அக்காமேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருந்தாலும் மறுநாள் காலையில் ஆறு பொத்தானையும் ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "பொத்தானுக்குத் தனியாப் பேரு கெடையாதுங்க" என்றார்.

இப்படியாக அந்த ஆறு குடும்பத்தையும் எங்கள் வீதி தாங்கியது. கருணையால் தாங்கியது என்று எழுத ஆசைதான். பாதிக்கு மேல் பயத்தால் தாங்கியது. ஆனால் பயந்து கொடுத்த பாணும் வயிற்றை நிறைக்கத்தான் செய்தது. கொஞ்ச நாளில் அந்தப் பதினொரு பிள்ளைகளும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாத அளவுக்கு எங்கள் கடைகளுக்குள் புகுந்து புறப்பட்டார்கள்.

எல்லாவற்றையும் கெடுத்தது தீபாவளி. லொறி முதலாளி என்று ஒருவர் இருந்தார். ஊரிலேயே பெரிய வீடு, பெரிய குரல். தீபாவளிக்கு இரண்டு வாழைக்குலையோடு ஸ்டோருக்கு வந்தவர், பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைத்து முக்கால் மணி நேரம் தன்னைப் பற்றிப் பேசினார். பேசி முடித்து, கைதட்டலுக்காகச் சுற்றிலும் பார்த்தார். அக்கா பழத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பழத்துக்கு முழுப்பேரு. பேச்சுக்கு அரைப்பேரு கழிச்சாச்சுங்க."

அன்று பியதாச சிரித்த சிரிப்பு வீதி முனையில் கேட்டது. மூன்றாம் நாள் லொறி முதலாளியின் கையால் ஒரு நீல உறை என் மேசைக்கு வந்தது. கண்டியில் உள்ள ஒரு கந்தோருக்கு. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது. தபாலில் வேலை செய்கிறவன் உறையைப் பார்க்கலாம், உள்ளே பார்க்கக் கூடாது. முத்திரை குத்திப் பைக்குள் போட்டேன். கொஞ்சம் பலமாகத்தான் குத்தினேன்.

மூன்று வாரத்தில் அந்தக் கண்டிக் கந்தோரிலிருந்து காதர் நானாவுக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தது. என்னை வாசித்துச் சொல்லச் சொன்னார்கள். கிழங்கு ஸ்டோரில் பிள்ளைகள் இருப்பதாக முறைப்பாடு வந்திருக்கிறது, ஓர் உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், இடம் சரியில்லை என்றால் பிள்ளைகளை மட்டும் கீழ்நாட்டிலுள்ள ஒரு விடுதிக்குக் கொண்டுபோவார்கள் என்று இருந்தது.

மாரியாயி கேட்டாள். "புள்ளைங்கள மட்டும்னா என்னாங்க?"

நான் கடிதத்தை மடித்தேன். திரும்ப விரித்தேன்.

உத்தியோகத்தர் வருகிற நாளன்று மாரியாயி தன் படங்குக் கயிற்றில் மூன்று பிள்ளைகளையும் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "இழுத்தா நாலு பேரும் சேந்துதான் வருவோம்" என்றாள். யாரும் அவளை அவிழ்க்கச் சொல்லவில்லை. செல்லம் மட்டும், "அம்மா, எனக்கு ஒண்ணுக்கு வருது" என்றது. நாலு பேரும் சேர்ந்துதான் போய் வந்தார்கள்.

உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு கட்டுப் படிவம். கெட்ட மனிதர் இல்லை. நெளிவு சுளிவு இல்லாத மனிதர், அவ்வளவுதான். ஸ்டோரைச் சுற்றிப் பார்த்தார். பெருக்கின தரையையும் அடுக்கின பாய்களையும் பார்த்துத் தலையசைத்தார். எங்களுக்கு உயிர் வந்தது. பிறகு படிவத்தை விரித்து அக்காவிடம் கேட்டார்:

"இஞ்ச மொத்தம் எத்தினை பேர்?"

அக்கா யோசிக்கவேயில்லை.

"இன்னிக்கு இருபத்தாறரைங்க ஐயா."

பேனா நின்றது. "எத்தினை?"

"இருபத்தாறரை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "அரையெண்டால்? ஆரும் பிள்ளைத்தாச்சியோ?" என்று கேட்டார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் தானே எழுந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இருபத்தைந்து.

"இருபத்தைஞ்சுதான் நிக்குது. மிச்சம் ஒண்டரைப் பேர் எங்கை?"

அக்காவின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அன்று காலையில் இரண்டு பிள்ளைகள் தலை சீவாததால் இருபத்தைந்து இருபத்துநாலாகிவிட்டது. அதோடு நானாவுக்கு ஒன்று, பியதாசவுக்கு ஒன்று, எனக்கு வழக்கம்போல அரை. "அந்த அரை இவருங்க" என்று மட்டக்கம்பால் என்னைக் காட்டினார். உத்தியோகத்தர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் விளக்கத் தொடங்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இருண்டுகொண்டே போனது.

"ஆக்களைச் சரியா எண்ணத் தெரியாத இடத்திலை பிள்ளையளை விட்டிட்டுப் போக ஏலாது" என்றார். "தாய் தேப்பனுக்கு நிரந்தர விலாசமும் இல்லை. விலாசம் உள்ள ஒரு ஆள் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பெண்டு பேர் குடுத்தால் விடலாம். இல்லாட்டி வாற திங்கள் வாகனம் வரும்."

மாரியாயி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்கா குனிந்து தகரத்தை எடுத்து வாசலுக்குப் போய்த் தட்டினார்.

பகல் பதினொரு மணிக்குப் பெரட்டு அடித்ததே கிடையாது. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வீதியே ஓடிவந்தது. நானா கையில் படியோடு, பியதாச முழங்கைவரை மாவோடு, தேத்தண்ணிக் கடைக்காரர் சீனிக் கரண்டியோடு. தீ இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போகாமல், அக்காவுக்குப் பயந்த பழக்கதோஷத்தில் மட்டக்கம்பு காட்டிய மட்டத்துக்கு வரிசையில் நின்றுவிட்டார்கள். வரிசையில் எல்லாரும் நிற்கும்போது தான் மட்டும் நிற்காவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று லொறி முதலாளியும் வந்து நின்றார். நான் கடைசியில் நின்றேன்.

"இன்னிக்கு நான் யாருக்கும் அரை, முழுசுன்னு பேரு போட மாட்டேன்" என்றார் அக்கா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "ஒங்க சொந்தப் பேர இந்த ஐயாகிட்டச் சொல்லுங்க. ஆளுக்கொரு புள்ளைக்கு. புள்ளைங்களத் தாய்கிட்டேருந்து கொண்டு போகப் போறாங்க."

நானா முன்னால் வந்தார். "அப்துல் காதர். பலசரக்குக் கடை. மாரியாயியோட மூத்தவனுக்கு என் பேர எழுதுங்க."

"உறவு?"

"பக்கத்துக் கடை."

"அது உறவில்லை."

"எனக்கு வேற என்னா சொல்றதுன்னு தெரியல ஐயா. என் வீட்டுல சாப்புடுறான். எம் புள்ளையோட சண்ட போடுறான்."

உத்தியோகத்தர் சற்று யோசித்து, 'அயலவர்' என்று எழுதினார். அதற்குப் பிறகு வரிசை தள்ளுமுள்ளாகிவிட்டது. பியதாச, "மாத்தயா, எனக்கி ரெண்டு புள்ளே எழுது" என்றார். செல்லத்துக்கு யார் என்பதில் தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் தையற்காரருக்கும் வாய்த்தகராறு. லொறி முதலாளி மாரியாயியின் கடைசிப் பிள்ளைக்குத் தன் முழுப் பேரையும் தகப்பன் பேரையும் சேர்த்துக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். நீல உறையை நினைத்துக்கொண்டு நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் முறை வருவதற்குள் பிள்ளைகள் தீர்ந்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாராளமாக இருக்கலாம் என்று வந்தவனுக்கு ஒரு பிள்ளைகூட மிஞ்சவில்லை.

பதினொரு படிவமும் முடிந்தது. மாரியாயி அழுதுகொண்டே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உத்தியோகத்தர் கடைசித் தாளைத் திருப்பினார்.

"குடும்பங்கள் சரி. நீங்கள் விலாசம் இல்லாத தனி ஆள். உங்களுக்குப் பொறுப்பு ஆர்?"

"எனக்கா? எனக்கு யாரும் இல்லீங்க" என்றார் அக்கா, கடையில் வெங்காயம் இல்லை என்று சொல்கிற குரலில்.

"அப்ப உங்களை அநாதை மடத்துக்கு எழுத வேண்டி வரும். சட்டம் அப்பிடி."

"சரிங்க ஐயா."

பதினொரு பிள்ளைகளுக்காகத் தகரம் தட்டியவர் தனக்காகத் தட்டவில்லை. தகரம் காலடியில்தான் கிடந்தது.

"என் பேர எழுதுங்க" என்றேன்.

"உறவு?"

"தம்பி."

"சொந்தத் தம்பியோ?"

"ஆமாங்க. சொந்தத் தம்பி."

அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு அரசாங்க உத்தியோகத்தரிடம் பொய் சொல்லிவிட்டேன். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அப்ப உங்கட அக்காவின்ர பேரைச் சொல்லும்."

எனக்குத் தெரியாது. வீதியில் ஒருவருக்கும் தெரியாது. நான் நானாவைப் பார்த்தேன், அவர் கையிலிருந்த படியைப் பார்த்தார். பியதாச வானத்தைப் பார்த்தார். சொந்த அக்காவின் பேர் தெரியாமல் நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சின்னப் புள்ளையிலேருந்தே இவன் இப்பிடித்தாங்க ஐயா. ஒண்ணும் ஞாபகத்துல நிக்காது" என்று சொல்லிவிட்டுத் தன் பேரை மெதுவாகச் சொன்னார்.

உத்தியோகத்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கியது. குனிந்து, 'தம்பி' என்று எழுதினார்.

அன்றுவரை அக்காவுக்கு நான் தபாலு, வாங்க, போங்க. அன்றிலிருந்து வாடா, போடா, சாப்பிட்டியாடா. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அக்கா என்றால் எனக்கு அவர் ஒருவர்தான்.